எக்கியும் மூன்று குழாய்களும்

கார்புரேட்டர் கொண்ட பழைய மாருதி 800 வண்டியின் முன்மூடியைத் தூக்கினால், எஞ்சின் தலையை ஒட்டி, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக உறுப்பைக் காணலாம். இரண்டு போல்ட்டுகள் அதை எஞ்சினோடு பிணைத்திருக்கும். மூன்று கறுப்புக் குழாய்கள் அதிலிருந்து பிரிந்து செல்லும். அதுவே எரிபொருள் எக்கி. பட்டறை வழக்கில் பெட்ரோல் பம்ப். பழைய எக்கியைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது பழகிய கைக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத வேலை. ஆயினும் அவ்வேலை செம்மையாக முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பவை அந்த மூன்று குழாய்களே. எக்கியை மாற்றிய பின்னும் தீராத கோளாறுகளில் பெரும்பகுதி குழாய்களிலும் அவற்றின் இணைப்புகளிலும்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் என்று காட்டுவதற்கே இக்கட்டுரை.

1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 சனவரி வரை உற்பத்தியில் இருந்தது. 796 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட அதன் சிறிய எஞ்சினுக்கு, முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கார்புரேட்டரும் இயந்திர எக்கியுமே எரிபொருள் ஊட்டின. சென்னையை அடுத்த மறைமலைநகரில் யூகால் நிறுவனம், ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு, அவ்வண்டிக்கான கார்புரேட்டர்களையும் எக்கிகளையும் செய்து தந்தது. அவ்வண்டிகளுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இது பழங்கதை அன்று.

பெட்ரோல் தொட்டி வண்டியின் பின்பகுதியில், தரைத்தளத்துக்கு அடியில் இருக்கிறது. கார்புரேட்டரோ முன்னால், எஞ்சினின் மேற்பகுதியில் இருக்கிறது. நீர்மம் தானாக மேடேறாது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு டி வண்டியில் எக்கியே கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி எஞ்சினை அடைந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் தொட்டியைவிட உயர்ந்துவிடும், ஓட்டம் நின்றுவிடும். அதனால் அக்காலத்து ஓட்டிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேற்றினர். அந்த இக்கட்டைத் தீர்க்கவே எக்கி வண்டிக்குள் புகுந்தது.

எக்கி என்னும் கருத்து மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், ஒருவழி இதழ்கள் பொருத்திய நீர் எக்கியை உருவாக்கினார். 1206இல் அல்-ஜசரி எழுதி முடித்த நூலில் உறிஞ்சுகுழாய்களுடன் கூடிய இரட்டை எக்கி ஒன்றின் அமைப்பு விளக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வர ஓர் இதழ், வெளியே போக ஓர் இதழ், இரண்டுக்கும் நடுவே கொள்ளளவு மாறும் ஓர் அறை. மாருதியின் எக்கியிலும் இவை அப்படியே இருக்கின்றன. அறையின் கொள்ளளவை மாற்றுவது மட்டும் இங்கே உந்துதண்டு அன்று. துணியிழை பொதிந்த ரப்பர் திரை. பட்டறைகளில் அதை டயாப்ரம் என்பார்கள். இக்கட்டுரையில் மென்திரை என்று குறிப்போம்.

எஞ்சினின் கேம் தண்டில் ஒரு மேடு இருக்கிறது. தண்டு சுழலச் சுழல அம்மேடு ஒரு சிறு தள்ளுகோலைத் தள்ளுகிறது; தள்ளுகோல் எக்கிக்குள் இருக்கும் நெம்புகோலைச் சாய்க்கிறது; நெம்புகோல் மென்திரையைக் கீழே இழுக்கிறது. அறை விரிகிறது, உள்ளிதழ் திறக்கிறது, பெட்ரோல் நுழைகிறது. மேடு விலகியதும் நெம்புகோல் மென்திரையை மேலே தள்ளுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. மென்திரைக்குக் கீழே ஒரு சுருள்வில் இருக்கிறது; பெட்ரோலைத் தள்ளுவது அந்த வில் மட்டுமே. நெம்புகோலுக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது.

இந்தச் சிறு வேறுபாட்டில்தான் இக்கருவியை வடிவமைத்தவர்களின் நுண்ணறிவு அடங்கியிருக்கிறது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து ஊசியால் வாயிலை அடைக்கிறது. அப்போது பெட்ரோலுக்குப் போக்கிடம் இல்லை. வில் தன் முழு வலிவையும் காட்டியும் மென்திரை மேலே வர இயலாது, கீழேயே தங்கிவிடும். நெம்புகோல் பிடிக்க எதுவும் இல்லாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் சிறிது குறைந்ததும் வில் அந்தக் குறைவை மட்டும் நிரப்பும். எனவே எஞ்சின் மெல்லச் சுழன்றாலும் விரைந்து சுழன்றாலும் எக்கி தரும் அழுத்தம் வில்லின் அழுத்தத்தைத் தாண்டாது. இத்தகைய எக்கிகளில் அது ஏறத்தாழ 0.2 முதல் 0.35 பார் வரை. மின்னணுக் கருவி ஒன்றும் இல்லாமல், தேவைக்கேற்பத் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அமைப்பு இது.

அந்தத் தேவைதான் எவ்வளவு? லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் போகிறது என்று கொள்வோம். மணிக்குச் செலவு 3.3 லிட்டர், நொடிக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால் கேம் தண்டு அதில் பாதி, 1500 சுற்று சுழலும். அதாவது நொடிக்கு 25 முறை எக்கி அசையும். கணக்கிட்டால் ஓர் அசைவுக்கு 0.04 மில்லிலிட்டர். ஒரு துளியைவிடவும் குறைவு. இவ்வளவு சிறிய அளவை நொடிக்கு 25 முறை பிசகாமல் அளந்து அனுப்பும் இடத்தில், ஒரு மயிரிழைக் கசிவும் பெரிய பிழையாகிறது.

இனிக் குழாய்களுக்கு வருவோம். மூன்றில் ஒன்று தொட்டியிலிருந்து வடிகட்டி வழியாக எக்கிக்கு வருவது. இரண்டாவது எக்கியிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்வது. மூன்றாவது, மிகுதிப் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது. தோற்றத்தில் மூன்றும் ஒன்றே. ஆனால் முதற்குழாய்க்கும் இரண்டாவதற்கும் இடையில் ஓர் எல்லை இருக்கிறது. எக்கிக்கு முன்னால் உள்ள குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. எக்கிக்குப் பின்னால் உள்ள குழாயில் அதைவிட மிகுதி. எக்கி என்பது இந்த இரண்டு நாடுகளின் எல்லையில் நிற்கும் காவல்.

மிகையழுத்தப் பகுதியில் கீறல் விழுந்தால் பெட்ரோல் வெளியே வரும். ஈரம் தெரியும், மணம் வரும், ஆபத்தும் தெரியும். குறையழுத்தப் பகுதியில், எஞ்சின் ஓடும்போது, கீறல் வழியே எதுவும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பவருக்கு நேர்வதே எக்கிக்கும் நேர்கிறது. குழாயின் மேல் கைவைத்துப் பார்த்தால் உலர்ந்திருக்கும். மணம் இருக்காது. வண்டி நின்று நின்று போகும், மேட்டில் இழுக்காது, காலையில் கிளப்ப நெடுநேரம் பிடிக்கும். குற்றம் எக்கியின் மேல் விழும். புதிய எக்கி வரும். சில நாள் சற்றே மேம்பட்டது போலத் தோன்றும். பிறகு பழைய கதை. குறையழுத்தக் குழாயின் கீறல் ஈரம் காட்டாது என்ற ஒரே உண்மையை மனத்தில் இருத்தியிருந்தால் எத்தனையோ நல்ல எக்கிகள் குப்பைக்குப் போயிருக்க மாட்டா.

உறிஞ்சுதல் என்று நாம் சொல்வதும் உண்மையில் இழுத்தல் அன்று. எக்கி அறையில் அழுத்தத்தைக் குறைக்கிறது. தொட்டியில் உள்ள பெட்ரோலின் மேல் அமர்ந்திருக்கும் வளிமண்டலம் அதைத் தள்ளி அனுப்புகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டாரிசெல்லி பாதரசக் குழாயால் இதை மெய்ப்பித்தார். வளிமண்டலத்தால் நீரைப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் வரைதான் ஏற்ற முடியும். நீரைவிட எடை குறைந்த பெட்ரோலை 14 மீட்டர் ஏற்றலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும் பொருள். 38 செல்சியசில் அதன் ஆவியழுத்தம் 60 கிலோபாஸ்கல் அளவுக்கு இருக்கக்கூடும். வளிமண்டலம் தருவதோ 101 கிலோபாஸ்கல். மிஞ்சுவது நாற்பது மட்டுமே. ஏற்ற உயரம் ஐந்தரை மீட்டராகச் சுருங்குகிறது. வெப்பம் 55 செல்சியசைத் தாண்டும்போது மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்போது உறிஞ்சுகுழாயில் அழுத்தம் சிறிது குறைந்தாலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கும். குமிழி அமுங்கக்கூடியது, எக்கி அசையும்போதெல்லாம் குமிழி சுருங்கும், விரியும், பெட்ரோல் நகராது. ஆவியடைப்பு என்று சொல்லப்படுவது இதுவே.

மூன்றாவது குழாயின் பயன் இங்கே விளங்கும். எஞ்சினின் வெப்பத்தில் எக்கிக்குள் தேங்கும் பெட்ரோல் சூடேறி ஆவியாகாமல் இருக்க, ஒரு பகுதி எப்போதும் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த பெட்ரோல் வந்தபடி இருக்கும். உண்டான ஆவியும் அவ்வழியே வெளியேறிவிடும். அந்த வழி மிகக் குறுகியதாக அமைக்கப்பட்டிருக்கும்; இல்லையேல் கார்புரேட்டருக்குச் செல்ல வேண்டியதும் சேர்ந்து திரும்பிவிடும். திரும்புகுழாய் தேவையற்றது என்று எண்ணி அதை அடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறு. மார்கழியில் அதன் கேடு தெரியாது; சித்திரை வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது தெரியும்.

ஆகவே எக்கியைக் குற்றஞ்சாட்டும் முன் சில சோதனைகள் செய்தல் வேண்டும். முதலில் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தால் தொட்டியின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. தள்ள வேண்டிய வளிமண்டலத்துக்கே உள்ளே இடமில்லை. பிறகு வடிகட்டி. பிறகு, பட்டறைகளில் வழிவழியாகச் செய்யப்படும் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. எக்கியின் உள்வாயிலில் நல்ல நிலையிலுள்ள ஒரு குட்டைக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் தூய பெட்ரோல் உள்ள ஓர் உலோகக் கலனில் அமிழ்த்தி, கலனைப் புகைபோக்கியிலிருந்தும் மின்பொறியிலிருந்தும் தள்ளி நிறுத்தி, எஞ்சினை இயக்குவார்கள். திரும்புகுழாயையும் அதே கலனுக்குள் விடுவார்கள். எஞ்சின் தடையின்றி ஓடினால் எக்கி குற்றமற்றது. கோளாறு தொட்டிக்கும் எக்கிக்கும் இடைப்பட்ட வழியில். நோயைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடும் இந்த முறை ஓர் ஆய்வுக்கூட முறைக்குச் சற்றும் குறைந்ததன்று. அப்போதும் எஞ்சின் திணறினால், அல்லது எக்கியின் அடிப்பகுதியிலுள்ள சிறு கசிவுத்துளையில் பெட்ரோல் கசிந்தால், மென்திரை கிழிந்திருக்கிறது. எக்கியை மாற்றத்தான் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் தீயைப் பற்றிய சில எண்களை அறிந்திருப்பது நன்று. பெட்ரோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 43 செல்சியசு. அதாவது நம் நாட்டின் எந்தத் தட்பவெப்பத்திலும் அதன் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய ஆவி இருந்தே தீரும். காற்றில் 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை அந்த ஆவி கலந்திருந்தால் சிறு பொறியும் போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; தரையோடு படர்ந்து தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தங்கும். எனவே இவ்வேலையைத் திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினில் செய்ய வேண்டும். பட்டறையின் ஆய்வுக்குழியின் மேல் வண்டியை நிறுத்திச் செய்யவே கூடாது. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். தொட்டி மூடியை ஒருமுறை திறந்து மூடினால் வெயிலில் உள்ளே ஏறியிருந்த அழுத்தம் தணியும். இதைச் செய்யாவிட்டால், குழாயை உருவிய கணமே பெட்ரோல் தானாகப் பெருகி வரக்கூடும்.

குழாய்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உள்வழியையும் வெளிவழியையும் மாற்றி இணைத்தால் ஒருவழி இதழ்கள் அடைத்துக்கொள்ளும். ஒரு துளியும் நகராது. தவறு உடனே தெரிந்துவிடும். வெளிவழியையும் திரும்புவழியையும் மாற்றி இணைத்தால் தவறு மறைந்திருக்கும். குறுகிய வழியில் சொட்டும் பெட்ரோல் கார்புரேட்டருக்கும், வளமான ஓட்டம் தொட்டிக்கும் போகும். வண்டி நின்ற இடத்தில் நன்றாகவே ஓடும், சாலையில் ஏறி விரைவைக் கூட்டினால் மூச்சடைக்கும். எக்கியின் மேலுள்ள அம்புக்குறிகளைப் பார்த்தால் ஐயமில்லை. குறி தேய்ந்திருந்தால் நெம்புகோலைக் கையால் அழுத்தி, வாயில்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்கலாம். விரலைப் பற்றி இழுப்பது உள்வாயில்.

உருவும்போதும் கவனம் வேண்டும். பல ஆண்டுகள் ஒட்டியிருந்த குழாயை இழுத்தால் வராது. முறுக்கினால் உலோக முனை வளைந்துவிடும். முனையில் இறுகியிருக்கும் பகுதியை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுப்பதே நல்லது. எப்படியும் அந்தக் குழாய் திரும்பப் பூட்டத் தகாதது. கத்தியின் முனை உலோகத்தில் கோடு கிழித்துவிடக் கூடாது. அந்தக் கோடே நாளைய கசிவுவழி.

எக்கியைக் கழற்றியதும் தள்ளுகோல் கையோடு வரும். அதன் இரு முனைகளும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முனை தேய்ந்து நீளம் குறைந்திருந்தால், எவ்வளவு நல்ல எக்கியை மாட்டினாலும் அதன் அசைவு குறையும். எக்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் பேக்கிங்கின் தடிப்பும் இதே காரணத்தால் முக்கியம். தடிப்பு மிகுந்தால் எக்கி விலகி நிற்கும், அசைவு சுருங்கும். பழைய பேக்கிங்கின் ஒட்டிய துணுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த வண்டிக்குரிய தடிப்பிலேயே புதியதை வைக்க வேண்டும். பூட்டும் முன் எஞ்சினைக் கையால் சிறிது சுழற்றி, கேமின் மேடு தள்ளுகோலை விட்டு விலகுமாறு நிறுத்திக்கொண்டால் எக்கி தன் இடத்தில் தானே அமரும். இல்லையேல் சுருள்வில்லை எதிர்த்துத் தள்ளியபடியே போல்ட்டை முடுக்க நேரும். அலுமினியத் தலையிலுள்ள மரை சாய்ந்து கெட்டுப்போவது இப்படித்தான். தள்ளுகோலுக்குச் சிறிது எஞ்சின் எண்ணெய் பூசி, இரு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் இப்பகுதி முடிந்தது.

குழாய்களே மிச்சம், அவற்றின் வேதியியலும். இயற்கை ரப்பரைப் பெட்ரோலில் இட்டால் ஊதிப் பருத்து வலுவிழக்கும். இரண்டும் கார்பனும் ஐதரசனும் கொண்ட ஒத்த இயல்புள்ள பொருள்கள் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று எளிதில் புகும். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் இச்சிக்கலைத் தீர்த்தது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இடையிடையே அமைந்த நைட்ரைல் தொகுதிகள் மின்முனைவு உடையவை. பெட்ரோலின் முனைவற்ற மூலக்கூறுகளை அவை அண்டவிடுவதில்லை. எரிபொருள் குழாயின் உட்சுவர் நெடுங்காலம் இதனாலேயே ஆனது. அதைச் சுற்றி வலுவுக்காக இழைப்பின்னல். அதற்கு மேல் வெயிலையும் எண்ணெயையும் தாங்கும் புறவுறை.

நைட்ரைல் ரப்பருக்கு இரண்டு பகைகள். ஒன்று காற்றிலுள்ள ஓசோன். ரப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுகிறது. அதுவும் ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தைத் தேடி வெட்டுகிறது. பழைய குழாய் ஒன்றை எடுத்து நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இது கண்கூடாகும். நேராகக் கிடந்த பகுதி வழவழப்பாகவே இருக்கும். வளைவின் வெளிப்புறத்தில் இழுவிசைக்குக் குறுக்காக, இணையிணையாக, நுண்ணிய வெடிப்புகள் ஓடும். உலோக முனையின் மேல் ஏறி விரிந்திருந்த கடைசிப் பகுதியில் அவ்வெடிப்புகள் குழாயின் நீளவாக்கில், கிளிப்பை நோக்கிச் செல்லும். விரலால் குழாயை வளைத்தால் ஒவ்வொரு வெடிப்பும் வாய் திறக்கும். அந்தக் கடைசி ஒரு செண்டிமீட்டரில்தான் காற்று உள்ளே நுழைகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கிளிப்பின் நிழலில் மறைந்திருக்கும்.

இரண்டாவது பகை எத்தனால். அது மின்முனைவு உடைய மூலக்கூறு. ஆகவே பெட்ரோலைத் தடுத்த அதே நைட்ரைல் தொகுதி இதைத் தடுக்க வல்லதன்று. இந்தியாவில் 2025இல் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. 1990களில் செய்யப்பட்ட வண்டியின் குழாய்களும் மென்திரையும் இக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பரை நெகிழ வைக்கச் சேர்த்திருக்கும் பொருளைக் கலவை கரைத்து எடுத்துவிடும். வண்டி சில மாதம் ஓடாமல் கிடந்து குழாய் உலர்ந்தால் அது இறுகிச் சுருங்கும். மேலும் எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும்; பழைய தொட்டியில் படிந்திருந்த கசடுகளையும் இளக்கிவிடும். அக்கசடு முதலில் வந்து சேரும் இடம் வடிகட்டி. எனவே பழைய வண்டியில் எக்கியை மாற்றுவோர் மூன்று குழாய்களையும் வடிகட்டியையும் உடன் மாற்றுவதே முறை. எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரின் ரப்பர் உட்சுவர் கொண்ட குழாய்கள் விலை கூடியவை. ஆயினும் தேவைப்படும் நீளம் மிகக் குறைவு. இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்பதில்லை.

இணைக்கும் கலை எளியது. ஆனால் விதிகள் உண்டு. குழாயின் உள்விட்டம் உலோக முனையின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே குறைந்திருக்க வேண்டும். தளர்ந்த குழாயைக் கிளிப்பால் நெருக்கி அடைத்துவிடலாம் என்பது பிழை. நெருக்கும்போது ரப்பர் ஓரிடத்தில் மடிந்து நுண்வழி விடும். உலோக முனையில் வளையம்போல ஒரு புடைப்பு இருக்கும். குழாய் அப்புடைப்பைத் தாண்டி நன்கு உள்ளேறி நிற்க வேண்டும். கிளிப் புடைப்புக்கு அப்பால், குழாயின் விளிம்புக்கு இப்பால் அமர வேண்டும். புடைப்பின் மேலேயே கிளிப்பை வைத்து இறுக்கினால் அது ரப்பரை வெட்டும். ஏற்றுவதற்குக் கடினமாக இருந்தால் ஒரு துளி தூய எண்ணெய் போதும். ஒட்டுப்பசை எதையும் பூசக் கூடாது. பெட்ரோலில் கரைந்த பசை கார்புரேட்டரின் நுண்துளைகளில் போய் உறையும். எஞ்சின் தன் தாங்கிகளில் அசைந்தாடும் உறுப்பு. எனவே குழாய் விறைப்பாக இழுபட்டு நிற்காமல் சிறிது தளர்வோடும், வளைவு ஒடிந்துபோகாத அகலத்தோடும், புகைபோக்கியிலிருந்து விலகியும் செல்ல வேண்டும்.

2000ஆம் ஆண்டை ஒட்டி, உமிழ்வு விதிகள் இறுகியபோது, இவ்வண்டியிலும் கார்புரேட்டர் நீங்கி எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. 1967இல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் கொணர்ந்த மின்னணு உட்செலுத்தலின் வழித்தோன்றல் அது. எக்கி எஞ்சினை விட்டுத் தொட்டிக்குள் குடிபுகுந்தது, மின்னோடியால் இயங்குவதாயிற்று. பெட்ரோலுக்குள் மின்னோடியா என்று அஞ்ச வேண்டியதில்லை. நீர்மத்துக்குள் எரிவதற்கு ஆக்சிசன் இல்லை. மேலுள்ள காலியிடத்திலோ, முன்பு கண்ட கணக்கின்படி, வெப்பமான நாளில் பாதிக்கும் மேல் பெட்ரோல் ஆவியே நிறைந்திருக்கும், 7.6 விழுக்காடு என்னும் மேல்வரம்பை அது எங்கோ தாண்டிவிடுகிறது. எக்கி தொட்டியிலேயே இருப்பதால் உறிஞ்சுகுழாய் என்ற பேச்சே இல்லை. வழி முழுவதும் மிகையழுத்தம். ஆவியடைப்பு அரிதானதற்கு அதுவே காரணம்.

அழுத்தம் இங்கே ஏறத்தாழ 3 பார், பழைய எக்கியைப் போலப் பத்து மடங்கு. ஒரு துளை விழுந்தால், உராய்வை விட்டுக் கணக்கிட, பெட்ரோல் நொடிக்கு 28 மீட்டர் விரைவில் பீறிடும். ஆகவே எதையும் கழற்றும் முன் எக்கியின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருந்து அழுத்தத்தை வடிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்குரிய குழாயை இங்கே மாட்டுவது உயிரோடு விளையாடுவது. தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் குட்டைக் குழாய்க்கோ இன்னும் கடுமையான தகுதி வேண்டும். சாதாரணக் குழாயின் உட்சுவர் பெட்ரோலைத் தாங்கும், புறவுறை தாங்காது. அதை அமிழ்த்திவைத்தால் வெளியிலிருந்து அழுகிக் குழையும். அமிழ்வுக்கென்றே செய்த குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும். விரைவிணைப்புகள் சொடுக்கென்று ஒலித்தபின் ஒருமுறை பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். தொட்டியின் வாயிலுள்ள ரப்பர் வளையத்தைப் புதிதாகவே இட வேண்டும்.

மீண்டும் பழைய மாருதிக்கு. எல்லாம் பூட்டியபின் மின்கலத்தை இணைத்து எஞ்சினைச் சுழற்றினால் முதல் சில நொடிகள் ஒன்றும் நிகழாது. வெறுமையான குழாய்கள் நிறைய வேண்டும். ஓடத் தொடங்கியதும் மூன்று இணைப்புகளையும் கைவிளக்கின் ஒளியில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்றை உள்ளிழுத்து உலர்ந்திருக்கும் உறிஞ்சுகுழாயின் இணைப்பு, நின்றபின், தொட்டி நிறைந்திருந்தால், ஈரம் காட்டிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ரப்பர் இறுக்கத்துக்கு மெல்ல விட்டுக்கொடுக்கும் இயல்புடையது. ஆகவே சில நாள் ஓடியபின் திருகுக் கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும்.

கழற்றிய பழைய எக்கியின் மென்திரை கிழிந்திருந்தால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாகப் பெட்ரோல் நெம்புகோல் அறையில் இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலந்திருக்கும். அளவுகோலை உருவி மோந்து பார்த்தால் தெரியும். எண்ணெயின் மட்டமும் கூடியிருக்கலாம். பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போய், தாங்கிகளில் படலமாக நிற்கும் வலுவை இழந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புதிய எண்ணெயும் புதிய எண்ணெய் வடிகட்டியும் இட்ட பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.